ஆகார தானமும் ஏற்போர் உடல் நலமும்

நால்வகைத் தானங்களுள் ஆகார தானமும் ஔடத தானமும் தனித்தனியே கூறப்படினும், அவ்விரண்டும் ஒன்றுகூடுமிடத்தை அமெரிக்க நாட்டு இலவச உணவு நிலையங்களில் காண்கிறோம்.

1967-இல் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் முதல் உணவு வங்கியைத் தொடங்கினார். அவ்வழியே, வீணாகவிருந்த பண்டங்கள் வறியோரைச் சென்றடைந்தன. ஆயினும், வந்து சேர்ந்தவற்றுள் இனிப்பும் உப்பும் மிகுந்த பொட்டல உணவுகள் பல. பெறுவோருள்ளோ நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர் பலர். பசி தீர்த்த உணவே பிணி வளர்ப்பதாயிற்று.

இதற்கு என் செய்தனர்? எவரையும் கடிந்துரைக்கவில்லை. கட்டிய பையைக் கையில் கொடுப்பதை விடுத்து, கடையிற்போல் தாமே தேர்ந்தெடுக்கப் பல நிலையங்கள் இடமளித்தன. 2020-இல் வல்லுநர் குழு வகுத்த நெறி, உப்பு, சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றின் அளவு நோக்கி, உணவுகளை 'அடிக்கடி, சில வேளை, அரிதாக' என மூவகைப்படுத்தியது. இவற்றைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களால் குறிப்போரும் உளர். பருப்பும் பழமும் முதலில் கண்ணிற்படுமாறு வைத்து, சமைக்கும் முறையையும் எழுதி வைப்பர்.

இவ்வாறு ஏற்போரின் உடலும் மானமும் ஒருங்கே காக்கப்படுகின்றன. உணவளிக்குமுன் நாமும் எண்ணுவோமாக: இதனை நம் குழந்தைக்கு ஊட்டுவோமா?