வாலரண்ட் விளையாட்டும் நம் பிள்ளைகளும்

பிள்ளைச் செல்வம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதமாகும். பிறர் கொடுத்து வைத்த பணத்தைக் கல்லாவில் தனியே வைத்துக் காக்கும் வியாபாரிகளாகிய நாம், நாம் கடையிலிருக்கும் நேரத்தில் நம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன் என்ன செய்கிறார்கள் என்பதையும் விசாரித்தறிவது கடமையன்றோ? பினாங்கில் பல வீடுகளில் பேச்சாகிவிட்ட வாலரண்ட் விளையாட்டைப் பற்றி இங்கே சிறிது ஆராய்வோம்.

அமெரிக்காவின் ரயட் கேம்ஸ் நிறுவனம் 2020 ஜூன் மாதத்தில் இதை வெளியிட்டது. ஐவர் ஐவராக இரண்டு அணிகள். ஒரு அணி ‘ஸ்பைக்’ என்னும் குண்டை வைக்க முயலும். மறு அணி தடுக்கும். சாதாரண ஆட்டத்தில் முதலில் 13 சுற்றுகளை வெல்பவர் ஜெயித்தவர். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஆட்டத்தில் சேர்த்த புள்ளிகளைக் கொண்டு துப்பாக்கி வாங்க வேண்டும். இன்று வீணாய்ச் செலவழித்தவன் அடுத்த சுற்றில் வெறுங்கையோடு நிற்பான். ஆக, குறி தவறாமை, கலந்து திட்டமிடல், சிக்கனம் ஆகியவை இதில் உண்டு. 2025 ஜூனில் டொரோண்டோவில் நடந்த சர்வதேசப் போட்டியில், மலேசிய இளைஞர் ஒருவரும் இடம்பெற்ற பேப்பர் ரெக்ஸ் அணி கோப்பையை வென்றது. அம்பெய்தலை ஊக்குவித்த மார்க்கம் நம்முடையது; விளையாட்டு என்பதற்காகவே எதையும் வெறுக்க வேண்டியதில்லை.

எனினும் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, வயது. ஐரோப்பியத் தரக்குறியீடு இதை 16 வயதுக்கு மேற்பட்டோர்க்கு என்கிறது. அமெரிக்கக் குறியீடு 13 என்கிறது. எதைக் கொண்டாலும் ஆரம்பப் பள்ளிச் சிறுவருக்கு இது உரியதன்று. வயது வந்த பிள்ளைகள் ஆடும்போதும் ரத்தக் காட்சியை அமைப்பில் நிறுத்திவிடலாம்.

இரண்டாவது, நாவு. முன்பின் அறியாதவர்கள் ஒரே அணியில் சேர்ந்து குரல் வழியே பேசுகிறார்கள். ஏச்சும் பேச்சும் காதில் விழும். குரல் வசதியை அடைத்து வைப்பதும், தெரிந்த நண்பர்களோடு மட்டும் ஆடச் செய்வதும் நலம்.

மூன்றாவது, பணம். ஆடுவது இலவசம். ஆனால் துப்பாக்கியின் அலங்காரத் தோற்றத்திற்கு மெய்யான பணம் கேட்கிறார்கள். பொருளைப் பார்த்து வாங்குவதால் இது வீண்விரயம் என்ற அளவில் நிற்கும். இதே இனத்தைச் சேர்ந்த கவுண்டர்-ஸ்டிரைக் விளையாட்டிலோ, பூட்டிய பெட்டிக்குச் சாவி வாங்கி, உள்ளே இருப்பது என்னவென்று அறியாமல் திறக்கும் முறை உண்டு. பெல்ஜியம் இத்தகைய பெட்டிகளை 2018-ல் சூதாட்டம் என முடிவு செய்தது. மூட்டைக்குள் இருப்பது தெரியாமல் விலை பேசுவோமா நாம்? மறைபொருள் வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சூதைக் குர்ஆன் 5-ம் அத்தியாயம் 90-ம் வசனம் விலக்கியது. ஆகவே கடையின் வங்கி அட்டையைப் பிள்ளையின் கணக்கில் பதிந்து வைக்கலாகாது.

நான்காவதே தலையாயது: தொழுகை. ஓர் ஆட்டம் அரைமணி முதல் முக்கால் மணி வரை நீளும். நடுவே எழுந்தால் மற்ற நால்வர்க்கும் நஷ்டம், விலகியவனுக்கும் தண்டனை. பாங்கு கேட்டபின் பிள்ளையைத் திட்டி மின்சாரத்தைப் பிடுங்குவதால் பயனில்லை. மஃரிபுக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து புதிய ஆட்டம் தொடங்குவதில்லை என்று முன்னதாகவே பேசி முடித்துக் கொள்ளுங்கள். ஜும்ஆ அழைப்புக்கு வியாபாரத்தை விட்டுவிடும்படி நமக்குக் கட்டளையிருக்கிறது. கடையை அடைத்துப் பள்ளிவாசலுக்கு நடக்கும் தகப்பனைக் காணும் பிள்ளைக்கு, விளையாட்டை நிறுத்துவது பாரமாகத் தோன்றாது. பாங்கு சொல்லும்போதும் கைப்பேசியில் விலை பேசிக்கொண்டிருக்கும் தகப்பனின் சொல்லோ வீட்டில் எடுபடாது.

எனவே, தடுப்பதற்கு முன் ஒரு நாளாவது பிள்ளையின் அருகில் அமர்ந்து பாருங்கள். சரக்கைப் பாராமல் தீர்ப்புச் சொல்வது வியாபாரிக்கு அழகன்று. நம் பிள்ளைகளை அல்லாஹ் நேர்வழியில் நடத்துவானாக, ஆமீன்.