இதய அறுவைக்கு முந்தைய மாலை

பைபாஸ் அறுவை என்று டாக்டர் சொன்ன மாத்திரத்தில் நம்மில் பல வீடுகளில் நோயாளியிடம் விஷயத்தை மறைக்கப் பார்க்கிறார்கள். "தெரிந்தால் பயந்துவிடுவார்" என்பது காரணம். மும்பையில் இதயப் பிரிவில் பல ஆண்டுகள் நர்ஸாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அவர் ஏற்கெனவே பயந்துதான் இருக்கிறார். என்ன நடக்கப் போகிறதென்று தெரியாததால் அந்தப் பயம் இன்னும் கூடுகிறது.

1964-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், எக்பர்ட் என்ற மயக்க மருந்து நிபுணரும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வயிற்று அறுவைக்கு வந்த 97 பேரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் எங்கே வலிக்கும், உடம்பை எப்படித் தளர்த்துவது, எப்படித் திரும்பிப் படுப்பது என்று எடுத்துச் சொன்னார்கள். அவர்களுக்கு வலி மருந்து ஏறக்குறையப் பாதிதான் தேவைப்பட்டது, சராசரியாக 2.7 நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். காசு செலவில்லாத வைத்தியம்! அன்று டாக்டர்கள் செய்த இந்த வேலை இன்று பெரும்பாலும் எங்கள் பொறுப்பு.

முக்கியமாக நாங்கள் சொல்வது கண் விழிக்கும் நேரத்தைப் பற்றி. ஐ.சி.யூ.வில் விழிக்கும்போது தொண்டையில் சுவாசக் குழாய் இருக்கும், பேச முடியாது. குரலே போய்விட்டதோ என்று தவிப்பவர்கள் உண்டு. குழாயை எடுத்ததும் பேச்சு வரும், சில நாள் தொண்டை கரகரக்கும் என்று முன்பே கேட்டவர் தலையசைத்துப் பதில் சொல்வார். குழாயைத் தூக்கக் கலக்கத்தில் பிடுங்கிவிடாமலிருக்கக் கைகளைத் தளர்வாகக் கட்டியிருக்கலாம். மார்பில் வடிகுழாய்கள், ஓயாத 'பீப்' ஒலி, ரத்தக்குழாய் எடுத்த காலில் ஒரு கட்டு. தலையணையை மார்போடு அணைத்து இருமுவதையும் முதல் நாளே பழக்கிவிடுவோம்.

பெண்களிடம் தாலியைப் பற்றியும் பேச வேண்டும். மார்பைத் திறக்கும் அறுவையில் கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது. தியேட்டர் வாசலில் அவசரமாகக் கழற்றச் சொன்னால் அந்த அம்மாள் மனம் என்ன பாடுபடும்? முதல் நாளே காரணம் சொல்லி, கணவர் கையில் அவரே கொடுக்கும்படி செய்தால் கலக்கம் பாதி தீரும். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து இங்கே சிகிச்சை பெறும் பெரியவர்களுக்கு இந்தி தெரியாது. ஆகவே நர்ஸ் விளக்கும்போது இரு மொழியும் தெரிந்த ஒருவர் உடனிருங்கள். "ஒன்றுமில்லைப்பா" என்று சுருக்காமல் முழுவதையும் தமிழில் சொல்லுங்கள். ஓர் அட்டையில் வலி, தாகம், குளிர், மூச்சுத் திணறல் என்று பெரிய எழுத்தில் தமிழிலும், பக்கத்திலேயே இந்தியிலும் எழுதி நர்ஸிடம் கொடுத்துவையுங்கள். பேச முடியாத அந்தச் சில மணி நேரத்தில் விரலால் தொட்டுக் காட்டுவார்.