எழுதக் கற்பித்தலும் உயிர்க்கு இரங்குதலும்

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானங்கள் நான்கு என்று நம் நூல்கள் கூறும். இவற்றுள் பின்னைய இரண்டினையும் ஒரே வகுப்பறையில் ஒருங்கே வழங்க இயலுமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்த பொருள். நெடுங்காலம் பள்ளியிலும் பின்னர் ஆசிரியப் பயிற்சி மாணவியரிடையேயும் பணியாற்றி ஓய்வுபெற்ற நமக்கு, இவ்வினாவிற்கு விடை ஏட்டிலிருந்து கிடைத்திலது. நாம் செய்த பிழை ஒன்றிலிருந்தே கிடைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன், சிதம்பரத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்த மாணவியர் சிலர், ஞாயிறுதோறும் கடலூர் முதுநகருக்கு வந்து, எழுதத் தடுமாறும் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி அளிக்க முன்வந்தனர். அதே வேளையில் விலங்கு நலத் தொண்டு அமைப்பினர், கடைவீதியாருக்கும் வண்டியுடையோருக்கும் அனுப்புதற்குப் பிள்ளைகள் கையால் எழுதிய வேண்டுகோள் கடிதங்கள் கிடைக்குமா என்று நம்மை வினவினர். இரண்டையும் இணைத்தோம். ‘பொதுத்தேர்வுக்கு இது உதவுமா?’ என்று கேட்ட பெற்றோர்க்கு, தமிழ்த்தாளில் கடிதம் எழுதும் வினா உண்டு என்பதை நினைவூட்டினோம். அவ்வளவில் அவர்கள் அமைதியடைந்தனர்.

இம்முயற்சி உலகிற்குப் புதிதன்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1868-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் கண்ட ஜார்ஜ் ஏஞ்சல் என்பார், 1889-இல் இரக்கக் கல்விக்கெனத் தனிச்சங்கம் நிறுவிப் பரிசுப் போட்டிகள் நடத்தினார். கனடா நாட்டுப் பெண்மணி மார்ஷல் சாண்டர்ஸ் 1893-இல் வெளியிட்ட ‘பியூட்டிஃபுல் ஜோ’ என்னும் நாயின் கதை அத்தகைய போட்டியில் பரிசு பெற்றதே. ஆயினும் நம் தமிழ் மண்ணில் இதற்கு மிகப் பழைய முன்னோடி உண்டு. கி.பி. 458-இல் சருவநந்தி முனிவர் லோகவிபாகம் எழுதிய பாடலிகை நம் திருப்பாதிரிப்புலியூரே என்பர் ஆய்வாளர். எழுத்தும் அறமும் ஓரிடத்தில் தழைத்த ஊர் இது.

நீலகேசியை எடுத்துக்கொள்வோம். காளி கோயிலுக்குப் பலியுயிர்களைக் கொணர்ந்தோரை முனிச்சந்திர முனிவர் வசை பாடி விரட்டவில்லை. உயிர்களுக்கு மாற்றாக மண்ணாற் செய்த உருவங்களைப் படைக்குமாறு வழி கூறினார். தடுப்பதோடு நில்லாமல் மாற்றும் காட்டியமை இங்குக் கருதத்தக்கது. பயிற்சி மாணவியர்க்கு இதனை முதல் நாளே விளக்கினோம். விளக்கிய நாமே அதனை மறந்தோம் என்பதுதான் வருத்தம்.

எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பாரவண்டி மாடுகளைப் பற்றி எழுதினாள். ‘வண்டிக்காரர்கள் இரக்கமற்ற அரக்கர்கள், மாடுகளின் கண்ணீர் ஆறாய்ப் பெருகுகிறது’ என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தாள். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. மகிழ்ந்து, அதனை வகுப்பில் உரக்கப் படிக்கச் செய்தோம். அடுத்த ஞாயிறன்று, வழக்கமாகச் சன்னலோரம் அமரும் சிறுவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவன் தந்தை வண்டியோட்டி என்பதைப் பயிற்சி மாணவி ஒருத்தி சொல்லித்தான் அறிந்தோம்.

அவளையும் அழைத்துக்கொண்டு அவன் வீட்டிற்குச் சென்றோம். தந்தையார் வைக்கோற் பிரியால் மாட்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் துண்டை உதறித் திண்ணையில் விரித்தார். “மூட்டைக்குத்தாங்க கூலி, டீச்சரம்மா. ஏத்துறது நான் இல்லீங்க, மண்டிக்காரங்க. வேணாம்னா அடுத்த வண்டியைக் கூப்பிடுவாங்க. மாடு படுத்துட்டா மொதல்ல எங்க அடுப்புதான் படுக்கும்” என்றார். சிறுவன் கதவின் பின்னால் நின்றான். “எங்கப்பா அரக்கன் இல்லக்கா” என்று பயிற்சி மாணவியிடம் மட்டும் சொன்னான். அன்று நாம் தலைகுனிந்து திரும்பினோம்.

பிறகுதான் குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் நினைவுக்கு வந்தது. தின்பதற்காக வாங்குவோர் இல்லையெனில் விலைக்கு விற்போரும் இலர் என்ற அவ்வாதம், குற்றத்தின் வேரைக் கொல்பவனோடு நிறுத்தாமல் வாங்குபவனிடமும் தேடுகிறது. நம் கடிதமோ வண்டியோட்டியோடு நின்றுவிட்டது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் தோன்றிய வள்ளலார், 1854-இல் வெளியான ‘மனுமுறை கண்ட வாசகம்’ என்னும் உரைநடை நூலில், கன்றை இழந்த பசுவின் துயர் கண்ட சோழனைத் தன் குற்றங்களைத் தானே தேடி வினவச் செய்கிறார். பிறரைப் பழிக்குமுன் தன்னை வினவும் அந்த முறை நமக்கும் வேண்டியிருந்தது.

சிறுவன் மீண்டும் வந்தான். கடிதத்தைத் தொடக்கத்திலிருந்து மாற்றினோம். கண்ணீர் ஆறு நீங்கியது. அரக்கனும் நீங்கினான். அடைமொழிகளை அடித்தபோது சிறுமி அழுதாள். எழுதுவோர் எவர்க்கும் உள்ள துன்பம்தான் அது. அவற்றின் இடத்தில், சிறுவன் கடைத்தெருவில் நின்று எண்ணிவந்த செய்திகள் புகுந்தன: ஒரு வண்டியில் எத்தனை மூட்டை, எத்தனை நடை, வழியில் தண்ணீர் உண்டா இல்லையா. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1965-இல் வந்த இழுவை விலங்கு விதிகளைப் பயிற்சி மாணவியர் தேடிக் கொணர்ந்தனர். நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்திற்கு மேலும், இடையில் ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 பாகை செல்சியசைக் கடக்கும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 வரை மாட்டைப் பூட்டலாகாது. இவ்விதிகளை அவ்வண்டியோட்டி அதற்கு முன் கேள்வியுற்றதே இல்லை. மண்டிக்காரர்களும் அவ்வாறே எனப் பின்னர் அறிந்தோம்.

புதிய கடிதம் மண்டி உரிமையாளர் பெயருக்கே சென்றது. கோடையில் நண்பகல் மூன்று மணி நேரம் சுமை ஏற்றாதிருத்தல், பாரம் குறைப்பினும் நாட்கூலி குறையாதிருத்தல், கடைமுன் தண்ணீர்த் தொட்டி ஒன்று வைத்தல் ஆகிய இவ்வளவே கேட்டோம். சிறுமியும் சிறுவனும் சேர்ந்தே கையொப்பமிட்டனர். பயிற்சி மாணவியர் ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தினர். கருத்தில் கைவைக்கலாகாது என்பது நாம் விதித்த கட்டளை.

பதினோரு கடைகளுக்கு அனுப்பினோம். பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. ஒருவர் கடிதத்தைத் திருப்பியனுப்பினார். மற்றொருவர் சிறுவனை அழைத்து, ‘கூலியைப் பற்றி உன் அப்பாதான் எழுதச் சொன்னாரா?’ என்று கேட்டார். அக்கேள்வியால் வீட்டில் இரண்டு நாள் கலக்கம் இருந்தது. அதற்கு நாம் சென்று விளக்கமளிக்க நேர்ந்தது. கூலிப் பகுதி இன்றுவரை தீரவில்லை. கடைத்தெருவின் ஒரு முனையில் மட்டும் சிமென்ட்டுத் தொட்டி ஒன்று வந்தது. மாலைதோறும் அதனைக் கழுவி நீர் நிரப்பும் முறையைப் பிள்ளைகள் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். அம்முறைப் பட்டியலைப் பிழையின்றி எழுதிச் சுவரில் ஒட்டியவன் அச்சிறுவனே.