சர்வேயர் கோர்ஸ் என்று ஒன்று கிடையாது, கண்ணு

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. பிளஸ் டூ முடித்ததும் மரைன் இன்ஜின் சர்வேயர் ஆவதற்கு ஆறு மாச கோர்ஸ் இருக்கிறதாமே, கோயம்புத்தூரில் ஒருவர் சேர்த்துவிடுகிறேன் என்கிறாரே, சேரலாமா என்று கேட்டிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. உன்மேல் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இதைக் கூறுகட்டி விற்கிறார்களே, அவர்கள்மேல்.

பிளஸ் டூ முடித்த கையோடு போய் வாங்கி வருகிற மாதிரி சர்வேயர் தகுதி எதுவும் நம் நாட்டில் இல்லை. வெளிநாட்டு அமைப்புகள் தபால்வழியில் தரும் பட்டயங்கள் உண்டு. அவை ஏற்கெனவே இன்ஜின் ரூமில் உழைத்தவருக்கு மெருகு; உனக்கு வெறும் காகிதம்.

சர்வேயர் ஆக நாலு வாசல் இருக்கிறது. முதலாவது அரசாங்கம். கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககமான டிஜி ஷிப்பிங்கின் கீழ் மும்பை, சென்னை, கொல்கத்தா, கொச்சி போன்ற இடங்களில் மெர்க்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட் இயங்குகிறது. அங்கே இன்ஜினியர் அண்ட் ஷிப் சர்வேயர் பதவிக்கு யூபிஎஸ்சி மூலம் ஆள் எடுப்பார்கள். எம்இஓ கிளாஸ் ஒன், அதாவது சீஃப் இன்ஜினியர் சான்றிதழ், கையில் இருக்க வேண்டும். இரண்டாவது, கப்பலின் தரத்துக்குச் சான்று தரும் கிளாஸ் சொசைட்டி. 1760-இல் லண்டனில் தொடங்கிய லாயிட்ஸ் ரெஜிஸ்டர்தான் இதில் மூத்தது. நம்முடையது 1975-இல் வந்த இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங். இவர்கள் ஆளை எடுத்துத் தாங்களே பழக்கி, ஒவ்வொரு வகை சர்வேக்கும் தனித்தனியாக அதிகாரம் கொடுப்பார்கள். மூன்றாவது இன்சூரன்ஸ். 1938-ஆம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்தின் 64யூஎம் பிரிவுப்படி, இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் உரிமம் வேண்டும். மூத்த சர்வேயர் ஒருவரிடம் பயிற்சி, பிறகு தேர்வு. கப்பலும் அதன் இன்ஜினும் மரைன் ஹல் என்ற பிரிவில் வரும்.

நான்காவது வாசல் உனக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: 2021-ஆம் வருஷத்து இன்லண்ட் வெசல்ஸ் சட்டப்படி உள்நாட்டுப் படகுகளுக்கு சர்வே. ஹவுஸ்போட், சுற்றுலாப் படகு எல்லாம் அதில் அடக்கம். கேரளத்தில் இதை மாரிடைம் போர்டு பார்க்கிறது. நம் ஊர் எலப்புள்ளியில் கடல் இல்லையே, நமக்கு இதெல்லாம் எதற்கு என்று உன் அப்பா சொல்வார். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடியில் ஜலகன்யகா என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அது இடுக்கி மலைமேல் இருக்கிற ஏரி. 2023 மே 7-ஆம் தேதி தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் போனது ஆற்றின் கழிமுகத்தில். படகு நிலையாக நிற்குமா, எத்தனை பேரை ஏற்றலாம் என்பதுதான் இரண்டிலும் எழுந்த கேள்வி. அதற்குப் பதில் எழுதுவது சர்வேயரின் பேனா. கடல் இருந்தால்தான் சர்வேயர் வேண்டும் என்று நினைப்பது அறியாமை.

சரி, படிப்பு. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மதிப்பெண், கண் பரிசோதனை, ஐஎம்யூ (இந்தியன் மாரிடைம் யூனிவர்சிட்டி) நுழைவுத்தேர்வு எல்லாம் உனக்கே தெரியும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொச்சியிலும் வளாகம் உண்டு. பிடெக் மரைன் நாலு வருஷம், பிறகு கப்பலில் ஆறு மாசம், அப்புறம் எம்இஓ கிளாஸ் ஃபோர். இடையிடையே கடல் சர்வீஸ், எழுத்துத் தேர்வு, ஓரல்ஸ் என்று கிளாஸ் டூ, கிளாஸ் ஒன். இன்றிலிருந்து கணக்குப் போட்டால் பத்து வருஷத்துக்குக் குறையாது. பொம்பளைப் பிள்ளைக்கு முடியுமா என்று யாராவது கேட்டால், சோனாலி பானர்ஜி 1999-இலேயே மரைன் இன்ஜினியர் ஆகிவிட்டார் என்று சொல்லிவிட்டு உன் வேலையைப் பார்.

ஏன் இத்தனை வருஷம்? இதற்கு ஒரே பதில்தான் எனக்கு: கிராங்க் ஷாஃப்ட் டிஃப்ளெக்ஷன். மாமா மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் என்று சிரிக்காதே, கேள்.

மெயின் பேரிங் தேய்ந்தால் ஷாஃப்ட் அந்த இடத்தில் தாழும். தாழ்ந்தபடி சுற்றும்போது, கிராங்க்கின் இரு பக்கக் கைகளான இரண்டு வெப்களும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் விரியும், கொஞ்சம் சுருங்கும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதே கதி ஷாஃப்டுக்கும் வரும். அதனால் கிராங்க் கேஸ் கதவைத் திறந்து, இரண்டு வெப்களுக்கும் நடுவே டயல் கேஜை வைத்து, டர்னிங் கியரால் மெல்லச் சுற்றிப் பார்ப்போம். நேர் கீழே கனெக்டிங் ராட் இடிக்கும். ஆகவே கீழே இருபுறமும் இரண்டு, போர்ட் (இடது) பக்கம், மேலே, ஸ்டார்போர்ட் (வலது) பக்கம் என ஐந்து அளவுகள். எல்லாம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. கப்பலே சரக்குக்கும் அலைக்கும் வளைகிற பொருள். ஆகவே அன்றைய டிராஃப்ட் (கப்பல் நீரில் அமிழ்ந்த ஆழம்) என்ன, இன்ஜின் சூடா குளிரா என்று எழுதாத அட்டவணையை நான் கையிலேயே தொடமாட்டேன்.

இனிமேல்தான் ருசி. ஒரு யூனிட்டில், அதாவது ஒரு சிலிண்டரில், கீழ் போர்ட் 0, போர்ட் 2, மேல் 5, ஸ்டார்போர்ட் 4, கீழ் ஸ்டார்போர்ட் 1 என்று வை. கீழ் இரண்டின் சராசரி அரை. மேல் அளவையும் கீழ்ச் சராசரியையும் கூட்டினால் ஐந்தரை. போர்ட்டையும் ஸ்டார்போர்டையும் கூட்டினால் ஆறு. இரண்டு கூட்டலும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும், ஏனென்றால் ஒரு சுற்றில் எதிரெதிர் நிலைகளின் சராசரி எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். கேஜ் நழுவியிருந்தாலும், கேபினில் உட்கார்ந்து கற்பனையில் எண் எழுதியிருந்தாலும், அநேகமாக இங்கே பிடிபடும். கூட்டல் மூன்றாம் வகுப்புக் கணக்கு. ஆனால் கணக்கு ஒத்துப்போன பிறகும் ஷாஃப்ட் பேரிங்கில் படாமல் மேலே தூக்கி நிற்கலாம். நல்ல ரீடிங் என்று ஏமாந்துபோவோம். அந்தச் சந்தேகம் புத்தகத்தில் வராது. எண்ணெய்க் கையோடு கிராங்க் கேஸுக்குள் குனிந்து ஃபீலர் கேஜ் பிடித்தவருக்குத்தான் வரும்.

அனுபவம் மட்டும் போதாது. இப்போது சாமுவேல் பிளிம்சால் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஆள் மாலுமி இல்லை, இன்ஜினியர் இல்லை, நிலக்கரி வியாபாரி. இங்கிலாந்தில் கடல் எட்டாத டெர்பி நகரத்து எம்பி. ஓட்டைக் கப்பல்களில் அளவுக்கு மேல் சரக்கேற்றி, இன்சூரன்ஸ் பணத்துக்காக மாலுமிகளைச் சாக விடுகிறார்கள் என்று 1873-இல் புத்தகம் போட்டார். 1875-இல் பாராளுமன்றத்தில் மற்றவர்களை அயோக்கியர்கள் என்று கத்தி வம்பில் மாட்டினார். 1876-இல் சட்டம் வந்தது. எவ்வளவு அமிழலாம் என்று காட்ட, கப்பல் பக்கவாட்டில் வட்டமும் குறுக்குக் கோடும் வந்தன. வேடிக்கை என்னவென்றால், கோட்டை எங்கே போடுவது என்பதை முதலில் முதலாளி இஷ்டத்துக்கே விட்டார்கள்! 1890-இல்தான் அந்தச் சலுகை போயிற்று. கோடு இருந்தால் போதாது, அதை எங்கே போடுவது என்று முதலாளியின் முகம் பார்க்காமல் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சர்வேயர் தகுதி என்பது கடைசியில் அதுதான். கப்பலை நிறுத்து என்று சொல்லும்போது, உனக்கு என்ன தெரியும் என்று சீஃப் இன்ஜினியர் கேட்பார். அப்போது ஆறு மாச சான்றிதழை நீட்டினால் சிரிப்பார்.

ஆகவே அந்தக் கோயம்புத்தூர் ஆளிடம் மூன்று கேள்வி கேள். உங்கள் நிறுவனம் டிஜி ஷிப்பிங் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? இந்தச் சான்றிதழை எந்த கிளாஸ் சொசைட்டி ஏற்கிறது? இதை வைத்து ஐஆர்டிஏஐ உரிமம் கிடைக்குமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை அப்பா ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது.

அதற்குள் இந்த டிஃப்ளெக்ஷன் கணக்கைப் போட்டுப் பார். கீழ் போர்ட், போர்ட், மேல், ஸ்டார்போர்ட், கீழ் ஸ்டார்போர்ட் என்ற அதே வரிசை. மூன்றாம் யூனிட்: 0, –3, –6, –2, +1. நான்காம் யூனிட்: 0, +1, –4, +1, 0. இதில் ஒன்று பொய். எது, ஏன் என்று எழுதி அனுப்பு. விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
மாமா