சிவப்பு இதழ் மட்டும் ஏன் தடிக்கிறது?

கேள்வி: எனக்கு 27 வயது. போன ஆடியில் மணிக்கட்டுக்கு மேலே ஒரு ரோஜாவும், கீழே எங்கள் ஆயா பெயரும் டாட்டூ போட்டேன். பூ சிவப்பு, பெயர் கறுப்பு. ஏழு மாதம் ஒன்றுமில்லை. இப்போது பூ மட்டும் தடித்துவிட்டது. வெயிலில் போனால் அரிப்பு தாங்கவில்லை. மெடிக்கலில் கொடுத்த க்ரீம் போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. லேசரில் அழித்துவிடலாம் என்கிறார் டாட்டூ கடைக்காரர். இது புற்றுநோயாகிவிடுமா? ஆயா கையில் ஐம்பது வருடமாகப் பச்சை இருக்கிறது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?

- ஒரு வாசகி, எம்.கே.பி. நகர், சென்னை

பதில்: அன்புச் சகோதரி, முதலில் பயத்தை விடுங்கள். ஒரே கை, ஒரே நாளில் குத்தியது. சிவப்பு தடிக்கிறது, பக்கத்திலேயே கறுப்பு சும்மா இருக்கிறது. கிருமித் தொற்று இப்படி நிறம் பார்த்து வராது. சீழ், காய்ச்சல் பற்றியும் நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் இது சிவப்பு இங்க் ஒவ்வாமை. ஒவ்வாமை புற்றுநோய் அல்ல. டாட்டூ ஒவ்வாமையில் அதிகம் தொல்லை தரும் நிறமே சிவப்புதான்.

ஒரு காலத்தில் சிவப்புக்குப் பாதரசச் சேர்மம் பயன்பட்டது. இன்று பெரும்பாலும் அசோ வகைச் செயற்கைச் சாயங்கள். தோலின் உள்ளடுக்கில் தங்கும் இவை நாள்பட, வெயில் பட்டு, மெல்ல மெல்லச் சிதைகின்றன. அந்தச் சிதைவுப் பொருளை உடல் எதிரியாகக் கருதத் தொடங்க மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும். உங்களுக்கு ஏழு மாதம் கழித்து வந்ததில் அதிசயம் இல்லை. ஆயா கையில் இருப்பது விளக்குக் கரியாக இருக்கலாம். கரிக்கு ஒவ்வாமை அரிது.

லேசர் இப்போது வேண்டவே வேண்டாம். லேசர் சாயத்தைத் துகள்களாக உடைத்து உடலுக்குள் பரப்பும். ஒவ்வாமை உள்ளவருக்கு உடம்பெல்லாம் தடிப்பும், சில சமயம் மூச்சுத்திணறலும் வரக்கூடும். அமிலம், சுண்ணாம்பு வைத்துச் சுடுவதும் கூடாது, தழும்புதான் மிஞ்சும்.

அந்த க்ரீமையும் நிறுத்துங்கள். சீட்டில்லாமல் தரும் பல க்ரீம்களில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், உண்மையான நோயும் மறையும். ஸ்டீராய்டே இதற்கு மருந்துதான். ஆனால் எந்த வீரியம், எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. தோல் நோய்ப் பிரிவில் காட்டுங்கள். தேவையானால் சின்னத் துண்டு எடுத்து பயாப்ஸி பார்ப்பார்கள். களிம்பில் அடங்காவிட்டால் தடிப்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் சிவப்புப் பகுதியை மட்டும் அறுவை முறையில் நீக்கலாம். அதுவரை முழுக்கை போட்டு வெயிலைத் தவிருங்கள், சொறியாதீர்கள்.

உங்களைப் பார்த்து டாட்டூ போட நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புது ஊசி மட்டும் போதாது, இங்க்கும் சுத்தமாக இருக்க வேண்டும். 2011-12இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் காய்ச்சி வடித்த நீர் கலந்த இங்கால் 19 பேருக்குத் தோலில் மைக்கோபாக்டீரியா தொற்று வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ இங்கில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. நம் ஊரிலும் அப்படி ஒரு கண்டிப்பு வர வேண்டும். அதுவரை பாட்டிலின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி கேட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காட்டாத கடையில் கையை நீட்டாதீர்கள். ஹேர் டை ஒத்துக்கொள்ளாதவர்கள் கறுப்பு மருதாணி டாட்டூவையும் தவிர்க்க வேண்டும். அதிலும் பெரும்பாலும் ஹேர் டையில் உள்ள அதே பி.பி.டி. சாயம்தான். டாட்டூ போடுமுன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருப்பதும் நல்லது.

சகோதரி, மருத்துவமனைக்குப் போகும்போது க்ரீம் டியூபை எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் அந்தச் சிவப்பு இங்கின் பெயரையும் எழுதி வாங்குங்கள். முகம், உதடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ஓ.பி. நேரம் பார்க்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.