உதிர்ந்த இலையும் உரமாகும்

ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கின்றன. வாசலில் குவியும் சருகைக் கூட்டிக் கொளுத்துவது நம்மில் பலரது பழக்கம். பின்னர், பூந்தொட்டிக்கென்று பையில் அடைத்த சதுப்புக் கரிமண்ணைக் கடையில் காசு கொடுத்து வாங்குகின்றோம். கைப்பொருளை எரித்துவிட்டுக் கடன் வாங்குவது போன்றதன்றோ இது?

மலாயில் 'தானா கம்புட்' எனப்படும் இம்மண், நீர் தேங்கிய காடுகளில் செடிகொடிகள் முழுதும் மக்காமல் படிந்து உருவாவது. ஒரு மீட்டர் ஆழம் சேர ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகலாம். கிள்ளானை அடுத்த ஜொகான் செத்தியாவிலும் வட சிலாங்கூரிலும் இத்தகைய நிலங்கள் உள்ளன. நீரை வடித்துவிட்டால் மண் காய்ந்துவிடும். தீப்பற்றினால் நிலத்தடியில் பல நாள் புகையும். 2005 ஆகஸ்டு 11ஆம் நாள், சுமத்திராவில் மூண்ட தீயின் புகையால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியது. கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்நாளை நாம் மறத்தல் இயலாது.

கரிமண்ணுக்கு மாற்று நம் வாசலிலேயே கிடக்கின்றது. இந்தியாவின் இந்தூர் நகரில் 1924 முதல் 1931 வரை ஆய்வு நடத்திய ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் அறிஞர், செடிக்கழிவையும் சாணத்தையும் அடுக்கி மக்கவைக்கும் முறையை வகுத்தார். அதனை நாமும் எளிதில் கையாளலாம்.

செய்முறை வருமாறு:

1. நீர் தேங்காத நிழலிடத்தில், நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 1 மீட்டர் உள்ள குவியலை அமைத்தல் வேண்டும்.

2. மூன்று பங்கு சருகுக்கு ஒரு பங்கு பசும்புல், காய்கறித் தோல், சாணம் ஆகியவற்றை மாற்றி மாற்றி அடுக்குக. சருகு கரிச்சத்தையும் பசுங்கழிவு தழைச்சத்தையும் தரும்.

3. கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளியே கசிய வேண்டும். மழை நனைக்காதவாறு மூடிவைக்க.

4. சில நாள்களில் குவியலின் உட்புறம் 55 முதல் 60 பாகை செல்சியஸ் வரை சூடேறும். களை விதைகள் மடியும். வாரம் ஒருமுறை கிளறுக. காற்றில்லையேல் நாற்றம் வீசும்.

மீன், இறைச்சிக் கழிவுகளைச் சேர்த்தால் எலி வரும். வெள்ளை வேர் நோய் கண்ட ரப்பர் மரத்தின் வேரையும் கட்டையையும் சேர்த்தலாகாது. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் மிஞ்சும் வாடிய மலர்களோ, நூலை நீக்கிவிட்டால், நல்ல உரமாகும்.

இரண்டு மூன்று மாதங்களில் குவியல் கறுத்து, மழை பெய்த மண்ணின் மணம் கமழும். மேல்மண் 3 பங்கு, இவ்வெரு 2 பங்கு, மணல் 1 பங்கு கலந்தால் மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஏற்ற கலவை ஆயத்தம்.

இனிச் சருகைக் கண்டால் தீக்குச்சியைத் தேடாது மண்வெட்டியை எடுப்போம். நம் பிள்ளைகள் தூய காற்றைச் சுவாசிப்பர். நம் தோட்டமும் செழிக்கும்.