மூன்றா, ஒன்றா?

தில்லியில் நவம்பர் மாதம் பிறந்ததும் வாரச்சந்தைகளின் தோற்றம் மாறிவிடும். பருத்திச் சட்டைகள் தொங்கிய கம்பிகளில் ஸ்வெட்டர்களும் குல்லாய்களும் தொங்கத் தொடங்கும். மயூர் விகாரில் வாழும் மலர்விழி, அத்தகைய சந்தை ஒன்றில் தன் தாயுடன் நின்றாள். அவள் அப்போது ஆறாம் வகுப்பு மாணவி.

"ஒன்று நானூறு! மூன்று எடுத்தால் ஆயிரம்!" என்று வியாபாரி கூவினார்.

சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்றையும் மலர்விழி மார்போடு அணைத்துக்கொண்டாள். தாய் சற்றுத் தயங்கினார். குளிர்கால உடைகளுக்கென்று ஒதுக்கிய தொகையே இரண்டாயிரம் ரூபாய்தான். அதில் பாதி மலர்விழிக்கே செலவாயிற்று. மீதியில் தம்பிக்கு ஒரு மேலங்கியும் வீட்டுக்கு ஒரு போர்வையும் வாங்கினர். தந்தைக்கு வாங்க வேண்டிய மேலங்கி அடுத்த மாதத்திற்குத் தள்ளிப்போயிற்று.

டிசம்பர் முடிவதற்குள் சிவப்பு ஸ்வெட்டரின் முழங்கைகளில் சிறு சிறு உருண்டைகளாக இழைகள் திரண்டன. மஞ்சள் ஸ்வெட்டரின் கைமுனைகள் தொளதொளத்துப் போயின. நீல ஸ்வெட்டரின்மீது சூடான இஸ்திரிப் பெட்டி பட்டதும் அவ்விடம் உருகிப் பளபளத்தது. சனவரி மாதத்து விடியற்காலையில் பால் வாங்கச் செல்லும்போது, சிவப்பின்மேல் மஞ்சளையும் அணிந்த பின்னும் மலர்விழிக்கு உடல் நடுங்கியது.

அப்படி ஒருநாள் புறப்பட்டபோதுதான் அவள் அதைக் கண்டாள். ஐந்து மணிக்கே ஸ்கூட்டரில் வேலைக்குக் கிளம்பும் தந்தை, பழைய செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தார். குளிர்காற்றைத் தடுக்க அதுவே அவருக்குக் கவசம். மகள் பார்ப்பதைக் கண்டு அவர் சிரித்துவிட்டுச் சென்றார். மலர்விழியால் சிரிக்க இயலவில்லை.

மார்ச்சு மாதத்தில் சின்னாளப்பட்டியிலிருந்து அப்பத்தா வந்தார். திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள அவ்வூர் சுங்குடிச் சேலைகளுக்குப் பெயர்பெற்றது. அப்பத்தா தம் இளமை முழுவதையும் தறியருகே கழித்தவர். மூட்டை கட்டக் கிடந்த ஸ்வெட்டர்களை எடுத்து, ஒவ்வொன்றையும் உட்புறம் வெளியே வருமாறு திருப்பினார். தையல்களை இருபுறமும் இழுத்துப் பார்த்தார்.

"இது ஆட்டு மயிரா, அம்மா?" என்று மருமகளைக் கேட்டார்.

"கம்பளி என்றுதான் சொன்னார்கள், அத்தை."

அப்பத்தா கிழிந்த கையிலிருந்து ஓர் இழையை உருவினார். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பாட்டியிடம் கம்பளி நூல் இருந்தது. அவரை மலர்விழி 'தாதி' என்று அழைப்பாள். அதிலும் ஓர் இழை வாங்கி வரச் செய்தார். இடுக்கியால் பிடித்து இரண்டையும் தனித்தனியே சுடரில் காட்டினார். (பெரியவர் துணையின்றி இதனைச் செய்தல் கூடாது.) தாதியின் இழை மெல்லக் கருகியது, தலைமயிர் தீய்ந்தாற்போன்ற நாற்றம் எழுந்தது, சாம்பல் விரலில் பட்டதும் பொடிந்தது. ஸ்வெட்டரின் இழையோ விரைந்து எரிந்து உருகி, கடினமான கரிய மணியாக உறைந்தது. அது அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. பெட்ரோலியத்திலிருந்து பெறும் வேதிப்பொருள்களால் அதனை உருவாக்குகின்றனர்.

ஆட்டு மயிர் இயல்பாகவே சுருள் உடையது. அச்சுருள்களுக்கிடையே தங்கும் காற்று உடலின் வெப்பத்தை வெளியேற விடாது. சிறிது ஈரத்தை உறிஞ்சினாலும் கம்பளி சில்லிட்டுப் போவதில்லை. அக்ரிலிக் முற்றிலும் பயனற்றது என்று கொள்ளுதல் தவறு. எளிதில் துவைக்கலாம், பூச்சி அரிக்காது, சிலருக்குக் கம்பளி தரும் அரிப்பும் அதில் இல்லை. ஆனால் எதை வாங்குகிறோம் என்று அறிந்தே வாங்க வேண்டும். ஆடையின் உட்புறச் சீட்டில் எந்த இழை எவ்வளவு என்று அச்சிட்டிருப்பர். தூய கம்பளிக்கு 1964 முதல் 'உல்மார்க்' என்னும் நூற்கண்டு வடிவ முத்திரையும் உண்டு. விலை மிகுதி என்பது மட்டும் தரத்திற்குச் சான்றாகாது.

"வளரும் பிள்ளைக்கு விலையுயர்ந்த உடை எதற்கு? அடுத்த ஆண்டு பற்றாதே!" என்றார் தாய். நியாயமான கேள்விதான். விடை தாதியிடம் இருந்தது. வடநாட்டுப் பெண்கள் பலர் கையால் பின்னிய ஸ்வெட்டரைப் பிரித்து, அதே நூலோடு புதுநூல் சேர்த்துப் பெரிதாகப் பின்னிவிடுவர்.

அக்டோபரில் மீண்டும் இரண்டாயிரம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. தம்பியின் மேலங்கி அவனுக்கு இன்னும் பொருந்தியது. ஆகவே 1,250 ரூபாயில் தந்தைக்குக் காற்றுப் புகாத மேலங்கி முதலில் வந்தது. எஞ்சிய 750 ரூபாய்க்கு 400 கிராம் பச்சைக் கம்பளி நூல் வாங்கினர். தாதி பின்னி முடிக்க ஆறு வாரங்கள் ஆயின. அதுவரை மலர்விழி பழைய மஞ்சள் ஸ்வெட்டரையே அணிந்தாள்.

ஒரே ஸ்வெட்டர் என்பது எளிதன்று. மூடுபனி நாளில் துவைத்தால் உலர இரண்டு நாள் ஆகும். "தினமும் பச்சைதானா?" என்று தோழியர் கேட்டபோது அவள் முகம் வாடியதும் உண்டு. காலுறையில் இந்தக் கணக்குச் செல்லாது என்பதையும் அவள் கண்டுகொண்டாள்; மூன்று இணைகளாவது வேண்டும்! எனினும் விடியற்காலையில் பால் வாங்கச் செல்லும்போது அவள் நடுங்கவில்லை. தந்தையின் செய்தித்தாள்களும் கசங்காமல் பழைய தாள்காரரிடம் சென்றன.

அடுத்த மார்ச்சு மாதம், பச்சை ஸ்வெட்டரைப் பிரித்தனர். மலர்விழி இரு கைகளையும் நீட்டி அமர்ந்தாள். அப்பத்தா நூலை அவள் கைகளில் சிட்டமாகச் சுற்றினார். அலசி உலர்த்தினால் நூலின் நெளிவு நீங்கிவிடும்.

"இன்னும் எத்தனை கிராம் வாங்க வேண்டும், அப்பத்தா?"

"நீ எவ்வளவு வளரப் போகிறாயோ, அவ்வளவு. கையை அசைக்காதே!"

பயிற்சி

1. தந்தையைக் கண்டபோது மலர்விழியால் சிரிக்க இயலாதது ஏன்?
2. கம்பளி இழையும் அக்ரிலிக் இழையும் எரியும் விதத்தில் காணும் வேறுபாடுகளை எழுதுக.
3. இரண்டு ஆண்டுகளிலும் இரண்டாயிரம் ரூபாய் செலவான முறையை அட்டவணையாக்குக.
4. உன் வீட்டில் நெடுங்காலமாகப் பயன்படும் ஒரு பொருளைப் பற்றி வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பத்து வரிகள் எழுதுக.